உச்ச ஆற்றல் காஸ்மிக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன?

அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் 2021-இல் பதிவான 'அமதெராசு' என்ற உச்ச ஆற்றல் காஸ்மிக் கதிர்த் துகளைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுமே இல்லாத வெற்றுவெளியிலிருந்து அது எப்படி வந்தது? அத்தனை ஆற்றலை அதற்கு எது கொடுத்தது? அறுபது ஆண்டுகளாகத் தேடியும் பிறப்பிடம் ஏன் இன்னும் பிடிபடவில்லை? மூன்றும் ஒரே முடிச்சில்தான் சிக்கிக் கிடக்கின்றன. வந்தது என்ன என்று தெரியாதவரை எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அளவு. துகள் இயற்பியலில் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். இனி அதை எ.வோ. என்று சுருக்கிக்கொள்கிறேன். ஜெனீவாவுக்கு அருகே பூமிக்கடியில் இருக்கும் பெரிய முடுக்கியில் ஒரு புரோட்டானுக்கு ஊட்ட முடிகிற ஆற்றல் 6.8×10¹² எ.வோ. அமதெராசுவின் ஆற்றல் சுமார் 2.4×10²⁰ எ.வோ. மூன்றரைக் கோடி மடங்கு. அதையும் மிஞ்சிய ஒன்று 1991 அக்டோபர் 15 அன்று அதே யூட்டாவில் 'ஃப்ளைஸ் ஐ' என்ற கருவியில் சிக்கியது: 3.2×10²⁰ எ.வோ. அன்றாட அலகில் 51 ஜூல். கிரிக்கெட் பந்தை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், அதாவது ஒரு சுழற்பந்து வீச்சாளர் கொஞ்சம் வேகத்தைக் கூட்டி வீசினால், பந்தில் இருக்கும் ஆற்றல் அவ்வளவுதான். ஆனால் பந்தில் அதை எண்ணி மாளாத அணுக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இங்கே ஒரே ஓர் அணுக்கரு தனியாகச் சுமந்து வந்திருக்கிறது. அந்தத் துகளுக்கு 'ஓ மை காட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. நம்மூரில் நடந்திருந்தால் 'அடேங்கப்பா' துகள் என்றிருப்போம்.

அது புரோட்டான்தான் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். பால்வெளி மண்டலத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வர நம் கடிகாரத்தில் சுமார் ஒரு லட்சம் ஆண்டு. அந்தத் துகளோடு ஒரு கடிகாரத்தைக் கட்டி அனுப்பினால் அதில் பத்து விநாடி ஓடியிருக்கும். எனக்கு இந்தக் கணக்கு இன்றும் அலுக்கவில்லை.

காஸ்மிக் கதிர் என்ற பெயரில் ஒரு பழைய பிழை ஒளிந்திருப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆஸ்திரியரான விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்ட் 7 அன்று பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். விண்ணிலிருந்து ஏதோ கதிர் வருகிறது என்று பெயர் நிலைத்துவிட்டது. வருபவை கதிர்கள் அல்ல, பெரும்பாலும் புரோட்டான்களும் மற்ற அணுக்கருக்களும் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாமே மின்னூட்டம் உள்ளவை. நம் சிக்கலின் வேர் அந்த மின்னூட்டம்தான்.

ஒளி நேர்கோட்டில் வரும். தொலைநோக்கியைத் திருப்பினால் எந்த விண்மீனிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். மின்னூட்டம் உள்ள துகளோ காந்தப்புலத்தில் வளையும். பால்வெளி முழுவதும் காந்தப்புலம் பரவிக் கிடக்கிறது. பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்துக்கு அதன் கை நீள்கிறது. 10¹⁵ எ.வோ. ஆற்றலுள்ள புரோட்டான் அதில் ஓர் ஒளியாண்டு அளவுள்ள வட்டங்களில் சுற்றிச் சுற்றி வருகிறது. பல்லாயிரம் ஆண்டு அப்படி அலைந்து நம்மிடம் வந்து சேரும்போது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு அர்த்தமே இருக்காது. திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டு உங்கள் மேல் வந்து மோதுகிறவரின் ஊர் எது என்று அவர் வந்த பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான்.

ஆற்றல் கூடக் கூட வளைவு குறையும். 10²⁰ எ.வோ. புரோட்டானின் வட்டம் பால்வெளியின் அகலத்தையே எட்டிவிடுகிறது. அது சில பாகைகள் மட்டும் விலகி ஏறக்குறைய நேராக வரும். ஆகவே உச்ச ஆற்றல் துகள்களைப் பிடித்தால் அவற்றை வைத்து வானத்தைப் படம் எடுக்கலாம் என்பது இந்தத் துறையின் நெடுநாள் கனவு. 'புரோட்டான் வானியல்' என்றே பெயர் வைத்தார்கள். கனவு எந்த இடத்தில் கலைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இவை அரிதானவை. 10¹⁵ எ.வோ. அளவில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன. 5×10¹⁸-க்குப் போனால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்று. 10²⁰-ஐத் தாண்டியவை ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு ஆண்டு காத்திருந்தாலும் ஒன்று வரும் என்று உறுதி சொல்ல முடியாது. எந்தச் செயற்கைக்கோளிலும் அவ்வளவு பெரிய கருவியை வைத்து நேரடியாகப் பிடிக்க வழியில்லை.

அதிர்ஷ்டவசமாகக் காற்று நமக்கு உதவுகிறது. உயரே காற்றின் அணுக்கரு ஒன்றில் மோதும் துகள் உடைந்து புதிய துகள்களைப் பிறப்பிக்கிறது. அவை மேலும் மோதி மேலும் பிறப்பிக்கின்றன. 10²⁰ எ.வோ. துகள் ஒன்று இப்படிப் பல ஆயிரம் கோடித் துகள்களாகப் பெருகி, பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு தோசை போலப் பரவி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் தரையில் இறங்குகிறது. பிரெஞ்சுக்காரரான பியர் ஓஜே 1938-இல் ஒன்றுக்கொன்று தள்ளி வைத்த உணரிகள் ஒரே நேரத்தில் துடிப்பதை வைத்து இந்தத் துகள் மழையைக் கண்டுகொண்டார். ஆல்ப்ஸ் மலையில் உணரிகளுக்கு இடையே 300 மீட்டர் வரை தள்ளி வைத்தும் அது தெரிந்தது. மழையின் பரப்பை வைத்து, வந்த துகளின் ஆற்றல் 10¹⁵ எ.வோ. இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் காலத்தில் ஆய்வகங்களில் எட்டியிருந்த ஆற்றலை வைத்துப் பார்த்தால் அது நம்ப முடியாத எண்.

அதே உத்தியைப் பெரிதாக்கியவர் ஜான் லின்ஸ்லி. நியூ மெக்சிகோவில் வால்கானோ ரேன்ச் என்ற இடத்தில் சுமார் எட்டுச் சதுர கிலோமீட்டரில் 19 உணரிகளைப் பரப்பிவைத்து, 1962-இல் 10²⁰ எ.வோ. அளவிலான முதல் நிகழ்வைப் பதிவு செய்தார். மறு ஆண்டு கட்டுரை வந்தது. அப்போது அதைப் பார்த்து யாரும் பெரிதாக அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. அதிர்ச்சிக்கான காரணம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

1965-இல் பென்சியாஸும் வில்சனும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டறிந்தார்கள். பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் அது. இன்று ஒவ்வொரு கன சென்டிமீட்டர் வெளியிலும் அதன் ஒளித்துகள்கள் நானூறுக்குச் சற்று மேல் இருக்கின்றன. நமக்கு அவை ஒன்றுமில்லை. பிரம்மாண்ட வேகத்தில் வரும் புரோட்டானின் பார்வையில் நிலைமை வேறு. எதிரே வரும் அந்த மெல்லிய நுண்ணலைகள் அதற்கு ஆற்றல் மிக்க காமா கதிர்களாகத் தெரியும். மோதினால் பயான் என்ற துகள் பிறக்கும். புரோட்டான் தன் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். இதை 1966-இல் அமெரிக்காவில் கிரைசன் ஒருபுறமும், சோவியத் ஒன்றியத்தில் ஜட்செபினும் குஸ்மினும் மறுபுறமும் கணக்கிட்டுச் சொன்னார்கள். முடிவு இதுதான்: 5×10¹⁹ எ.வோ.வுக்கு மேல் உள்ள புரோட்டான் சில நூறு மில்லியன் ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வர முடியாது. வழியிலேயே வரி கட்டிக் கட்டி ஏழையாகிவிடும். மூவரின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ஜி.இசட்.கே. வரம்பு என்கிறார்கள்.

இப்போது லின்ஸ்லியின் துகளைத் திரும்பிப் பாருங்கள். அது வரம்பைத் தாண்டி நிற்கிறது. தாண்டியும் வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அண்டத்தின் கணக்கில் அது பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இவ்வளவு பெரிய உலை இருந்தால் நம் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் துறை ஒருமுறை நன்றாகவே சறுக்கியது. ஜப்பானில் அக்கேனோ என்ற இடத்தில் சுமார் நூறு சதுர கிலோமீட்டரில் அமைந்த அகாசா கருவித்தொகுதி, 10²⁰-ஐத் தாண்டிப் பதினொரு நிகழ்வுகளைக் கண்டதாக அறிவித்தது. ஜி.இசட்.கே. வரம்பு இருப்பதற்கான அடையாளமே அவர்கள் தரவில் இல்லை. 1990களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் கோட்பாட்டாளர்களுக்குக் கொண்டாட்டம். பெருவெடிப்பிலிருந்து எஞ்சிய கனமான துகள்கள் நம் மண்டலத்துக்குள்ளேயே சிதைகின்றன என்றார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியலே உச்ச ஆற்றலில் சற்று பிசகுகிறது என்றார்கள். அதே காலத்தில் யூட்டாவில் ஃப்ளைஸ் ஐயின் வாரிசான ஹைரெஸ் கருவி, வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கை விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் ஆற்றலை வெவ்வேறு வழியில் அளந்தவை. அகாசா தரையில் விழுந்த துகள்களை எண்ணியது. ஹைரெஸ், மழை இறங்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வெளியிடும் மங்கலான புற ஊதா ஒளியைப் பார்த்தது. யாருடைய அளவுகோல் சரி என்று தெரியாமல் பத்துப் பதினொரு நிகழ்வுகளை வைத்து இயற்பியலைப் புரட்டிப் போடப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரைகளில் சில இன்றும் படிக்கச் சுவையானவைதான், ஆனால் அவை விளக்க முயன்ற விஷயமே இல்லாமல் போய்விட்டது.

இரண்டு வழிகளையும் ஒரே இடத்தில் வைத்தால்தான் சண்டை தீரும் என்று நினைத்தவர்கள் ஜேம்ஸ் குரோனினும் ஆலன் வாட்சனும். குரோனின் ஏற்கெனவே 1980-இல் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பெற்றவர். இருவரும் 1992 வாக்கில் தொடங்கிய முயற்சி, அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் மலார்கே என்ற சிற்றூரை ஒட்டிய புல்வெளியில் பியர் ஓஜே ஆய்வகமாக எழுந்தது. 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. சென்னை மாநகராட்சியை அதில் ஏழு முறை வைக்கலாம். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக 1,600-க்கும் அதிகமான தண்ணீர்த் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் 12,000 லிட்டர் தூய நீர், நம்மூரில் கோடையில் வந்து நிற்கும் லாரித் தண்ணீர் அளவு. உள்ளே கும்மிருட்டு. துகள் தண்ணீரில் பாயும்போது ஏற்படும் செரன்கோவ் ஒளியின் மினுக்கலை மூன்று உணர்குழாய்கள் பார்க்கின்றன. மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. இந்தத் தொட்டிகளைச் சுற்றி நான்கு இடங்களில் 27 தொலைநோக்கிகள், நைட்ரஜன் ஒளியைப் பார்ப்பதற்கு. தொட்டிகள் இரவு பகல் பாராமல் வேலை செய்யும். தொலைநோக்கிகளுக்கு மேகமும் நிலவும் இல்லாத இரவு வேண்டும் என்பதால் மொத்த நேரத்தில் ஏழில் ஒரு பங்கு போலத்தான் கண் விழிக்கும். இந்த நிலவு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2004-இல் தரவெடுப்பு தொடங்கி, 2008-இல் கட்டுமானம் முடிந்தது. ஓஜேயும் ஹைரெஸும் அதே 2008-இல் தனித்தனியே ஒரே முடிவைச் சொன்னார்கள்: 5×10¹⁹ வாக்கில் எண்ணிக்கை சரிகிறது. அகாசா பிரச்சினை முடிந்தது. ஓஜேயின் முழுப் பரப்பிலும் 10²⁰-ஐத் தாண்டுபவை ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் ஓஜே குழுவும் ஒரு பாடம் படிக்கத் தொடங்கியிருந்தது. 2007 நவம்பரில் வெளிவந்த கட்டுரையில், மிக உயர் ஆற்றல் கொண்ட 27 நிகழ்வுகளில் 20, அருகிலுள்ள செயலூக்கம் மிக்க விண்மீன் மண்டலங்களுக்கு மூன்று பாகைக்குள் விழுகின்றன என்று காட்டினார்கள். அந்த மண்டலங்களின் நடுவே ராட்சதக் கருந்துளைகள் இருக்கின்றன. பிறப்பிடம் கிடைத்துவிட்டது என்று உலகமே எழுதியது. தரவு சேரச் சேர அந்தப் பொருத்தம் கரைந்தது. மூன்று ஆண்டுக்குள் எழுபது விழுக்காட்டுக்கு மேல் இருந்தது நாற்பதுக்குக் கீழே இறங்கியது. அதை அந்தக் குழுவே வெளிப்படையாகச் சொன்னது, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. அகாசா ஒருமுறை, இது ஒருமுறை. இத்துறையில் சொற்ப நிகழ்வுகளை வைத்து வரும் எந்த அறிவிப்பையும் நான் இன்று வரை கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அமதெராசுவையும் சேர்த்துத்தான்.

அந்தப் பொருத்தம் ஏன் கரைந்தது என்பதற்கு ஓஜேயே இன்னொரு பக்கம் விடை தேடிக்கொண்டிருந்தது. இங்கேதான் 'என்ன' என்ற கேள்வி வருகிறது.

ஒரே ஆற்றலுள்ள ஒரு புரோட்டானும் ஓர் இரும்பு அணுக்கருவும் காற்றில் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பில் 56 நியூக்ளியான்கள், அதாவது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்த்து 56. ஆகவே அது காற்றில் மோதும்போது, ஒவ்வொன்றும் 56-இல் ஒரு பங்கு ஆற்றல் கொண்ட 56 சிறு துகள்களைப் போல நடந்துகொள்ளும். சிறு மழைகள் சீக்கிரம் உச்சத்தை எட்டிச் சீக்கிரம் ஓயும். எனவே இரும்பின் மழை உயரத்திலேயே உச்சம் அடையும், புரோட்டானின் மழை இன்னும் கீழே இறங்கி உச்சம் அடையும். அதோடு இரும்பின் மழைகள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடாது, புரோட்டானின் மழைகள் இஷ்டத்துக்கு மாறும். தொலைநோக்கிகள் இந்த உச்சத்தின் ஆழத்தைப் பார்க்கின்றன. ஒரு தனி நிகழ்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆயிரக்கணக்கில் சேர்த்தால் போக்கு தெரியும். ஓஜே கண்ட போக்கு: 2×10¹⁸ எ.வோ. அருகே பெரும்பாலும் இலேசான துகள்கள். அதற்கு மேல் போகப் போகக் கனம் கூடுகிறது. உச்ச ஆற்றலில் புரோட்டான் அருகிவிடுகிறது, நைட்ரஜன் போன்ற நடுத்தரக் கனமுள்ள அணுக்கருக்கள் ஆதிக்கம் செய்கின்றன.

புரோட்டான் வானியல் என்ற கனவு கலைந்தது இந்த இடத்தில்தான். நைட்ரஜனின் மின்னூட்டம் 7, இரும்பின் மின்னூட்டம் 26. காந்தப்புலம் அத்தனை மடங்கு வளைக்கும். சில பாகை விலகல் என்பது பல பத்துப் பாகை ஆகிவிடுகிறது. 10²⁰ எ.வோ. இரும்பு அணுக்கரு பால்வெளியின் புலத்தில் போடும் வட்டத்தின் ஆரம் சில ஆயிரம் ஒளியாண்டுதான். அது நம் மண்டலத்துக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு வரும்.

ஒரு கையால் பிடுங்கியதை மறு கையால் கொடுத்தது போல, இதே கனம் இரண்டாவது கேள்வியை எளிதாக்குகிறது. துகள்களுக்கு ஆற்றல் எப்படி வருகிறது என்பதற்கு என்ரிக்கோ ஃபெர்மி 1949-இல் ஒரு வழி சொன்னார். ஓடும் காந்த மேகங்களில் மோதித் துள்ளும் துகள், சராசரியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் சேர்க்கும். 1970களின் பிற்பாதியில் இதை அதிர்ச்சி அலைகளுக்குப் பொருத்தினார்கள். ஒன்றையொன்று நெருங்கி வரும் இரண்டு சுவர்களுக்கு நடுவே பந்து துள்ளினால் ஒவ்வொரு துள்ளலிலும் வேகம் கூடும் அல்லவா? வெடித்த விண்மீனின் அலைமுகப்பு அப்படிப்பட்ட இடம். ஆனால் ஒரு நிபந்தனை: துகள் சுழலும் வட்டம் அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலியைத் தாண்டி ஓடிவிடும். இங்கிலாந்தின் மைக்கேல் ஹில்லாஸ் 1984-இல் இதை ஒரே படமாக வரைந்து காட்டினார். ஒரு பக்கம் பொருளின் அளவு, மறுபக்கம் காந்தப்புலத்தின் வலிமை. இரண்டின் பெருக்கல் தொகை போதுமானதாக இருந்தால்தான் 10²⁰ எட்டும். ஒரு கணக்கு: ஜெனீவா முடுக்கியின் காந்தங்களையே வைத்துக்கொண்டு 10²⁰ எ.வோ. புரோட்டானை உண்டாக்க நினைத்தால், வளையத்தைப் புதன் கோளின் சுற்றுப்பாதை அளவுக்குக் கட்ட வேண்டும்.

ஹில்லாஸ் படத்தில் தேறுகிற பொருள்கள் அதிகமில்லை. வெடித்த விண்மீனின் எச்சங்கள் தேறாது. ராட்சதக் கருந்துளைகள் பீச்சும் தாரைகள், அந்தத் தாரைகள் ஊதிப் பெருக்கிய ரேடியோ மடல்கள், காமா கதிர் வெடிப்புகள், அசுர காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்கள், விண்மீன் மண்டலக் கொத்துகளைச் சுற்றிய பிரம்மாண்ட அதிர்ச்சி அலைகள் என்று சில மட்டும் மிஞ்சுகின்றன. துகள் புரோட்டானாக இருந்தால் இவற்றிலும் பல விளிம்பில் தொங்கும். கனமான கருவாக இருந்தால் நிபந்தனை மின்னூட்டத்தின் அளவுக்குத் தளர்கிறது. புரோட்டானை 4×10¹⁸ வரைதான் தள்ள முடிகிற உலை இரும்பை 10²⁰-க்குத் தள்ளிவிடும். ஆற்றல் உச்சம் மின்னூட்டத்துக்கு ஏற்பப் படிப்படியாக ஏறும் என்ற இந்தக் கருத்தை 1961-இல் எழுதியவர் பெர்னார்ட் பீட்டர்ஸ். 1950களில் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அவர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2008-இல் கண்ட சரிவை ஜி.இசட்.கே. வரம்பு என்று கொண்டாடினோம். உச்சத்தில் இருப்பவை கனமான கருக்கள் என்றால் அந்தச் சரிவில் ஒரு பங்கு, ஒருவேளை பெரும்பங்கு, உலைகளே மூச்சு முட்டி நின்றுபோவதால் வந்ததாக இருக்கலாம். நுண்ணலைப் பின்னணியும் கருக்களை உடைக்கத்தான் செய்கிறது. வழியில் இழந்தது எவ்வளவு, புறப்படும்போதே இல்லாதது எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. என் சாய்வு உலைகளின் களைப்புப் பக்கம்.

உறுதியாகத் தெரிந்ததையும் சொல்ல வேண்டும். 2017-இல் ஓஜே குழு, 8×10¹⁸ எ.வோ.வுக்கு மேற்பட்ட முப்பதாயிரத்துக்கும் அதிகமான நிகழ்வுகளை வைத்து, வானத்தின் ஒரு பாதியிலிருந்து சற்றுக் கூடுதலாகவும் எதிர்ப்பாதியிலிருந்து சற்றுக் குறைவாகவும் வருவதைக் காட்டியது. வேறுபாட்டின் வீச்சு 6.5 விழுக்காடு. தற்செயலாக நேர வாய்ப்பில்லை என்று சொல்லத் துறை வைத்திருக்கும் ஐந்து சிக்மா வரம்பைத் தாண்டியது. முக்கியமானது திசை: கூடுதலான பக்கம் பால்வெளியின் மையத்திலிருந்து 125 பாகை விலகி இருக்கிறது. நம் மண்டலத்துக்குள் பிறந்திருந்தால் மையத்தை ஒட்டித்தான் கூடியிருக்கும். ஆகவே இவை வெளி மண்டலங்களிலிருந்து வருகின்றன. செய்தித்தாள்களில் 2007-க்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் நூறாண்டுத் தேடலில் பிறப்பிடம் பற்றிக் கையில் உறுதியாக இருக்கும் விடை இதுதான்.

அதற்கு மேல் எல்லாம் குறிப்புகள்தான். 2018-இல் ஓஜே, விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கும் மண்டலங்களோடு நான்கு சிக்மா அளவில் ஒரு பொருத்தத்தைக் கண்டது. என்ஜிசி 253, என்ஜிசி 4945 போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பொருந்துவது நிகழ்வுகளில் பத்தில் ஒரு பங்கு மட்டும். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள சென்டாரஸ் ஏ மண்டலத்தைச் சுற்றியும் கூடுதல் தெரிகிறது. தாரை, மடல், கருந்துளை எல்லாம் வைத்திருக்கும் அது பல்லாண்டாகவே முதல் சந்தேகநபர். வடக்கே யூட்டாவில், 700 சதுர கிலோமீட்டரில் 507 உணரிகளோடு 2008 முதல் இயங்கும் டெலஸ்கோப் அர்ரே, சப்தரிஷி மண்டலத்தை ஒட்டி ஒரு சூடான திட்டைக் கண்டது. 72 நிகழ்வுகளில் 19 அங்கே விழுந்திருந்தன. இவற்றில் எது நிற்கும், எது கரையும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் சென்டாரஸ் பக்கம் கொஞ்சம் கட்டுவேன், பெரிய தொகை கட்டமாட்டேன்.

தொட்டிகளை வைத்தே கனத்தை அளந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அளக்கலாம், ஒரு தடங்கல் இருக்கிறது. கனமான கருவின் மழையில், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான மியூவான் என்ற துகள்கள் அதிகம். ஆகவே மியூவான்களை எண்ணினால் போதும். எண்ணிப் பார்த்தால், இரும்பு என்று வைத்துக்கொண்டாலும் போதாத அளவுக்கு மியூவான்கள் கூடுதலாக இருக்கின்றன. ஓஜேயின் அளவீடு கணினிக் கணிப்புகளை முப்பது விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சுகிறது. முடுக்கிகளில் எட்டாத ஆற்றலில் நடக்கும் முதல் சில மோதல்களை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். அளவுகோலே வளைந்திருக்கிறது.

மியூவான் என்றதும் ஊட்டியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டாடா ஆய்வு நிறுவனம் ஜப்பானியரோடு சேர்ந்து அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் நடத்தும் கிரேப்ஸ்-3 நிலையத்தில் 560 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. அது பார்ப்பது நாம் பேசும் உச்ச ஆற்றலை அல்ல, அதற்குப் பல படிகள் கீழே. ஆனால் மியூவான்களை அவ்வளவு நுணுக்கமாக எண்ணுவதால், 2014 டிசம்பர் 1 அன்று மேலே வந்து நின்ற இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கையில் ஏற்பட்ட சிறு சரிவை வைத்தே கணக்கிட்டார்கள். காஸ்மிக் கதிரைக் கொண்டு மேகத்தை எடை போட்ட கதை இது. தனியாகக் கேளுங்கள், தனியாக எழுதுகிறேன்.

இனி உங்கள் அமதெராசு. 2021 மே 27 அதிகாலை, டெலஸ்கோப் அர்ரேயின் 23 உணரிகள் ஒன்றாகத் துடித்தன. 2023 நவம்பரில் கட்டுரை வந்தது. ஜப்பானியச் சூரியத் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். திசையைப் பின்னோக்கி நீட்டினால், நம் மண்டலத்தை ஒட்டி விண்மீன் மண்டலங்கள் அரிதாக இருக்கும் பெரும் வெற்றிடத்தில் போய் முட்டுகிறது. செய்திகள் இங்கே நின்றுவிட்டன.

அது புரோட்டானாக இருந்தால், அத்தனை ஆற்றலில் சில பாகைக்கு மேல் விலகியிருக்காது, வெற்றிடத்திலிருந்துதான் வந்தது என்றாகும், அப்போது உண்மையிலேயே புதிர்தான். இரும்பு போன்ற கருவாக இருந்தால் பால்வெளியின் காந்தப்புலமே அதைப் பல பத்துப் பாகை திருப்பிவிட்டிருக்கும். வெற்றிடத்தின் ஓரத்திலோ அதற்கு வெளியிலோ உள்ள ஏதோ ஒரு மண்டலத்திலிருந்து கிளம்பி, வளைந்து, வெற்றிடத்தின் பக்கமிருந்து வருவது போலத் தோற்றம் காட்டியிருக்கலாம். ஓஜேயின் தரவை நம்புகிறவன் என்ற முறையில் நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்வேன்.

எது என்று அந்த ஒரு நிகழ்வுக்குச் சொல்ல, மழையின் உச்ச ஆழத்தைத் தொலைநோக்கி பார்த்திருந்தால் ஒரு குறிப்பாவது கிடைத்திருக்கும். மே 26 வைகாசிப் பௌர்ணமி. மறுநாள் அதிகாலை யூட்டா வானத்தில் நிலவு கொளுத்திக்கொண்டிருந்தது, தொலைநோக்கிகள் மூடிக்கிடந்தன. தரையில் இருந்த உணரிகள் மட்டுமே விழித்திருந்தன. அவற்றால் எலக்ட்ரான் எது, மியூவான் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மலார்கேயில் இப்போது ஒவ்வொரு தொட்டியின் மேலும் துகள் பட்டால் ஒளிரும் சுமார் நான்கு சதுர மீட்டர் சின்டிலேட்டர் பலகையும் ஒரு ரேடியோ ஆண்டெனாவும் ஏறியிருக்கின்றன. பலகை எலக்ட்ரான்களுக்கு அதிகம் துடிக்கும், தண்ணீர் மியூவான்களுக்கு அதிகம் மினுக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் நிலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு நிகழ்விலும் கனம் எவ்வளவு என்று ஓரளவு சொல்லலாம். இந்த அமைப்போடு 2035 வரை தரவு எடுக்கத் திட்டம். இலேசானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து வானப்படத்தில் புள்ளி வைத்தால், பழைய புரோட்டான் வானியலை ஒரு சிறு பகுதிக்காவது செய்து பார்க்க முடியும். 10²⁰-ஐத் தாண்டுபவை ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்ற வேகத்தில் அந்தப் படம் மெல்லத்தான் நிறையும்.